விளக்கு இருந்தது, எண்ணெய் இல்லை

வீட்டிற்கு ஒரு கணினி வாங்குவதென்று முடிவு செய்து, சீட்டுப் பணத்தையும் சேமிப்பையும் ஒன்றாகத் திரட்டிக் கொண்டு கடைக்குச் செல்கிறார் ஒரு குடும்பத் தலைவர். விலை பேசி முடிந்து, பணத்தை எண்ணிக் கொடுக்கும் வேளையில் கடைக்காரர் கேட்கிறார்: "யு.பி.எஸ். வேண்டாமா, சார்?" அதற்கு இன்னும் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்றறிந்ததும் தந்தையின் முகம் வாடுகிறது. வேண்டாம் என்றால் வாங்கிய பொருளுக்குக் கேடு வருமோ என்ற அச்சம். வேண்டும் என்றால் மாதக் கடைசி வரை கை வறண்டுவிடுமே என்ற கவலை.

நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பழக்கமான காட்சியே. கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் பிழைப்புக்கும் வேண்டிய கருவியாகிவிட்டது. பதினைந்து வயதில், 2006-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்து, 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட இளைஞர் கார்லோ அகுத்திஸ், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகறியச் செய்ததும் கணினியைக் கொண்டுதானே! ஆகவே, அதைக் காக்கும் வழியைப் பற்றிச் சிந்திப்பது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

நம் ஆண்டவர் சொன்ன இரண்டு உவமைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது ஒன்று (லூக்கா 14:28). விளக்கோடு எண்ணெயும் கொண்டு சென்ற முன்மதியுள்ள கன்னியரைப் பற்றியது மற்றொன்று (மத்தேயு 25:1-13). கணக்குப் பார் என்கிறது முதலாவது. ஆயத்தமாயிரு என்கிறது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்பதில்தான் இல்லறத்தின் விவேகம் இருக்கிறது. இதை நாம் கற்றுக் கொண்டது நூல்களிலிருந்து அன்று. நம் சொந்தத் தவற்றிலிருந்து.

நம் இல்லத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்குக் கோவிலின் நூற்றாண்டு விழா வந்தது. விழா மலரைத் தொகுக்கும் பணியை பங்குத்தந்தை நம்மிடம் ஒப்படைத்தார். தை மாதம் முதல் முதியோர் இல்லங்களுக்குச் சென்று, அவர்கள் சொன்ன பழைய செய்திகளைக் கேட்டு, அன்றன்று இரவே கணினியில் தட்டச்சு செய்து வந்தோம். தொண்ணூற்றொரு வயது மூதாட்டி ஒருவர், கோவில் கூரை வேய்ந்திருந்த நாட்களையும், ஊர்ப் பெண்கள் திருப்பலி முடிந்ததும் ஆற்று மணலைக் கூடையில் சுமந்து வந்து கொட்டியதையும், மணியை மாட்டு வண்டியில் கொண்டு வந்த நாளையும் இரண்டு மாலைகள் நம்மிடம் சொன்னார். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது, நினைவு மங்கவில்லை. தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் அவர் இறந்தார்.

வைகாசியில் ஒரு மாலை, கோடை மழைக்கு முன் எழும் பெருங்காற்று வீசிக் கொண்டிருந்தது. நாம் அன்றைய பகுதியை எழுதி முடித்து, சேமிக்கும் கட்டளையைக் கொடுத்த அதே கணத்தில் மின்சாரம் நின்றது. திரை இருண்டது. மின்சாரம் திரும்பியபின் கணினி வழக்கம் போல் இயங்கியது. அதற்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் மலரின் கோப்பு மட்டும் திறக்கவில்லை. ஐந்து மாத உழைப்பு அந்த ஒரே கோப்பில்தான் இருந்தது; வேறு படி இல்லை.

நம்மிடம் யு.பி.எஸ். இல்லை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். இருந்தது! மேசைக்கடியில் ஐந்தாண்டுகளாக இருந்தது. பேட்டரி தேய்ந்து போனதை அது பல மாதங்களாகக் கூவிக் கூவி அறிவித்து வந்தது. அந்தச் சத்தம் பொறுக்காமல், ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு நம் வேலையைப் பார்த்தோம். அறிவிலிக் கன்னியர் ஐவரிடமும் விளக்கு இருக்கத்தான் செய்தது.

கெடுவது எது?

மின்தடை ஏற்படும்போது உண்மையில் கெடுவது எது என்பதை முதலில் தெளிவாக அறிய வேண்டும். மேசைக் கணினி, நாம் எழுதிக் கொண்டிருப்பதைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கிறது. மின்சாரம் உள்ளவரைதான் அந்த நினைவு நிற்கும். சேமிக்கச் சொன்ன பிறகே அது வட்டில் நிலையாகப் பதிகிறது. பதியும் வேளையில் மின்சாரம் அறுந்தால், கோப்பு பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் நின்று பயனற்றுப் போகக் கூடும். கணினிக்குள் இருக்கும் மின்வழங்கி, வரும் மின்சாரம் நின்ற பின்னும் ஒரு நொடியில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு நேரமே தாக்குப் பிடிக்கும். கண் இமைக்கும் நேரத்தைவிட அது குறைவு.

வெறும் மின்தடையால் இயந்திரம் பழுதாவது அரிது. இயந்திரத்தைக் கெடுப்பது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே. நம் வீடுகளுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். சிற்றூர்களில் மாலை வேளையில் விளக்குகள் மங்கி எரிவதைக் காண்கிறோமே, அப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கும். மின்சாரம் நின்று திரும்பும் வேளையில் அது திடீரென எகிறுவதுண்டு. தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டிற்குள் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தமும் பாயக்கூடும். அண்மையில் இடி விழுந்தால் வரும் வேகத்தை எந்தச் சிறு கருவியும் முழுமையாகத் தடுக்காது. இடி முழக்கம் கேட்டவுடன் ப்ளக்கைப் பிடுங்கி வைப்பதே அதற்கு மருந்து. தொலைபேசி அல்லது இணையக் கம்பி செம்புக் கம்பியாக இருப்பின் அதையும் பிடுங்க வேண்டும்.

ஆக, காக்க வேண்டியவை மூன்று: இயந்திரம், அதற்குள் உள்ள உழைப்பு, தடையின்றி வேலை செய்யும் நேரம். இம்மூன்றில் எது நமக்கு இன்றியமையாதது என்று கேட்டுக் கொண்டால், கடைக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் தானே கிடைக்கும்.

யு.பி.எஸ். செய்வதும் செய்யாததும்

வீடுகளுக்கு விற்கப்படும் சிறு யு.பி.எஸ். பெரும்பாலும் 600 வி.ஏ. என்ற அளவுடையது. இந்த எண்ணைக் கண்டு 600 வாட் வரை தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பல வகைகளில் அது தாங்குவது 360 வாட் மட்டுமே. பெட்டியின் பின்புறத்தில் வாட் அளவு தனியே அச்சிடப்பட்டிருக்கும். அதையே பார்க்க வேண்டும்.

உள்ளே இருக்கும் பேட்டரி வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ளது. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. திரையும் சேர்ந்து 100 வாட் இழுக்கும் ஒரு மேசைக் கணினிக்கு இது ஐம்பது நிமிடம் வரும் என்று கணக்குச் சொல்கிறது. நடைமுறையில் அப்படி வருவதில்லை. சிறு பேட்டரியிலிருந்து விரைவாக மின்சாரத்தை எடுக்கும்போது அதன் முழுக் கொள்ளளவும் கிடைப்பதில்லை. மாற்றும் வழியிலும் ஒரு பங்கு வீணாகிறது. புதிய பேட்டரியாயின் பதினைந்து, இருபது நிமிடம் கிடைக்கலாம். பழையதாயின் ஐந்து நிமிடமும் ஐயமே.

எனவே யு.பி.எஸ். என்பது மின்தடையில் தொடர்ந்து வேலை செய்வதற்கான கருவியன்று. எழுதியதைச் சேமித்து, கணினியை முறையாக மூடி வைப்பதற்கான அவகாசத்தைத் தருவதே அதன் பணி. பிள்ளைகள் படம் பார்த்து முடிக்க அதை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பெரும்பாலான வீட்டு யு.பி.எஸ்.கள் மின்சாரம் நின்ற பிறகு, ஒரு நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் பேட்டரிக்கு மாறிக் கொள்கின்றன. கணினி தாக்குப் பிடிக்கும் நேரத்துக்குள் இந்த மாற்றம் நிகழ்ந்துவிடுவதால் கணினி அதை உணர்வதில்லை. இவற்றுள் அழுத்தத்தைச் சீராக்கும் அமைப்பும் உடையவை உண்டு. அழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் இருப்பவர்கள் அத்தகையதையே வாங்குவது நலம். இல்லாவிட்டால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் பேட்டரி உழைத்து விரைவில் தேய்ந்துவிடும்.

லேசர் அச்சுப் பொறியை யு.பி.எஸ்.ஸில் இணைக்கவே கூடாது. மையைச் சூடாக்கி ஒட்டும் வேளையில் அது பல நூறு வாட் மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும். மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கும் அங்கே இடமில்லை.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு யு.பி.எஸ். தேவையில்லை. பேட்டரி அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகு, எளிய இல்லங்கள் பலவற்றில் நுழைந்த முதல் கணினி மடிக்கணினியே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய மடிக்கணினியின் பேட்டரி செத்துவிட்டால், அதுவும் மின்தடையில் மேசைக் கணினியைப் போலவே அணைந்துவிடும். அத்தகைய வீட்டில் யு.பி.எஸ். வாங்குவதைவிட மடிக்கணினிக்குப் புதிய பேட்டரி போடுவதே முறை.

2020-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க் காலத்தில் வகுப்புகள் வீட்டிற்கே வந்தபோது மற்றொரு குறை வெளிப்பட்டது. மடிக்கணினி எரிந்து கொண்டிருக்கும். இணையம் தரும் ரவுட்டர் அணைந்துவிடும். இதற்கென 12 வோல்ட்டில் இயங்கும் உள்ளங்கையளவு சிறு யு.பி.எஸ். விற்கப்படுகிறது. ரவுட்டர் இழுப்பது பத்து வாட் அளவே ஆகையால், அது சில மணி நேரம் தாங்கும். வீட்டிலிருந்து இணைய வழி வேலை செய்யும் மகனுக்கோ மகளுக்கோ இதுவே போதுமானதாக இருக்கலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் உள்ளவர்கள் தனியே யு.பி.எஸ். வாங்குமுன் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாதிருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கடன் வாங்கியேனும் இன்வெர்ட்டர் வாங்கிய குடும்பங்கள் அன்று பல. அந்த இன்வெர்ட்டரின் பின்புறத்தில் 'யு.பி.எஸ்.' என்று குறித்த ஒரு சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும். அதை அந்தப் பக்கம் தள்ளி வைத்தால் மாறும் நேரம் குறைந்து, கணினி அணையாமல் தொடரும். அவ்வாறு தொடர்ந்தால் வேறு செலவு வேண்டியதில்லை. அணைந்தால் மட்டும் சிறு யு.பி.எஸ். ஒன்றைக் கணினியருகே வைத்துக் கொள்ளலாம்.

மேசைக் கணினி உள்ளவர்களில், அதைக் கொண்டு பிழைப்பவர்களுக்கு யு.பி.எஸ். அவசியம் என்றே சொல்வோம். தட்டச்சு, கணக்கெழுதுதல், படம் வரைதல், விண்ணப்பங்கள் அனுப்புதல் என்று வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுப்பவர்கள் இவர்கள். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில் இருப்பவர்களுக்கும், அழுத்தம் நிலையில்லாத இடத்தில் இருப்பவர்களுக்கும் அது வேண்டும். மின்தடை பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும் மாதாந்திரப் பராமரிப்புக்காகவே நிகழும் நகரத்தில், வாரம் ஒருமுறை பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் கணினியைத் திறக்கும் குடும்பத்துக்கு அது கட்டாயமன்று. அந்தப் பணத்தைப் பிள்ளையின் கட்டணத்துக்கு வைத்துக் கொள்வதில் தவறில்லை.

செலவின் வரிசை

கை நிறையப் பணம் இல்லாத குடும்பம் எதை முதலில் செய்ய வேண்டும்? நம் அனுபவத்தில் கண்ட வரிசை இது.

முதலாவது, படி எடுத்து வைத்தல். ஒரு பென் டிரைவின் விலை சில நூறு ரூபாய்தான். முக்கியமான கோப்புகளை வாரம் ஒருமுறை அதில் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். யு.பி.எஸ். வட்டு பழுதாவதைத் தடுக்காது, திருட்டைத் தடுக்காது, வெள்ளத்தைத் தடுக்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து காவிரிப் படுகையின் மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் எந்த யு.பி.எஸ்.ஸும் ஈடு கொடுக்காது. வேறொரு வீட்டில் இருக்கும் படியே எஞ்சும்.

இந்த அறிவு திருச்சபைக்குப் புதிதன்று. பங்குப் பதிவேடுகளின் உண்மைப் படியொன்றை, ஆண்டு முடிவில் ஆயர் இல்ல அலுவலகத்துக்குப் பங்குத்தந்தை அனுப்ப வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அதன் 470-ஆம் பிரிவில் கட்டளையிட்டிருந்தது. ஒரே இடத்தில் உள்ள ஏடு தீக்கும் கரையானுக்கும் இரையாகலாம் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இரண்டாவது, எர்த் இணைப்பைச் சரிபார்த்தல். மூன்று முனை ப்ளக்கின் மூன்றாவது முனை வெறும் அலங்காரமாக உள்ள வீடுகள் இன்னும் உண்டு. எர்த் இல்லாத இடத்தில் அழுத்த எழுச்சியைத் தடுக்கும் கருவிகள் முழுமையாக வேலை செய்யா, ஆளுக்கும் ஆபத்து. நல்ல மின்பணியாளரை அழைத்துக் காட்டுவது கணினிக்காக மட்டுமன்று, குழந்தைகளுக்காகவும்.

மூன்றாவது, எழுச்சித் தடுப்புள்ள நல்ல ஸ்பைக் பஸ்டர் ஒன்று. நான்காவதாகவே யு.பி.எஸ். வருகிறது. முதல் மூன்றையும் செய்யாமல் நான்காவதை மட்டும் வாங்குவது, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவது போலாகும்.

எண்ணெய் ஊற்றும் கடமை

யு.பி.எஸ். ஒருமுறை வாங்கினால் தீரும் செலவன்று. நம் நாட்டு வெப்பத்தில் அதன் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகளே நன்கு உழைக்கும். சமையலறைச் சுவரையொட்டியோ வெயில் விழும் சன்னலடியிலோ வைத்தால் அதற்கும் முன்பே தேயும். பேட்டரியை மாற்றுவதற்கான தொகையையும் வாங்கும் அன்றே கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும். கோபுரம் கட்டுபவன் கணக்கிட வேண்டியது அடித்தளத்தை மட்டுமா?

புதிய பேட்டரி போட்ட தேதியைச் சிறு தாளில் எழுதி யு.பி.எஸ். மீது ஒட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை, திறந்துள்ள எல்லாக் கோப்புகளையும் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். முறையாக மூடும் நேரம்கூடக் கிடைக்கவில்லை என்றால் பேட்டரியின் காலம் முடிந்தது. அதன் கூவலை மட்டும் அடக்கிவிடாதீர்கள்.

தேய்ந்த பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. அதைக் குப்பையில் எறிவதும், பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதும் தகாது. குடியிருப்புகளுக்கு நடுவே அதை உடைத்து உருக்குமிடத்தில் ஈயம் மண்ணிலும் புகையிலும் கலந்து, முதலில் தாக்குவது சிறு குழந்தைகளின் மூளையை. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைத் திருப்பிக் கொடுத்தால், விலையில் சிறிது கழிவும் கிடைக்கும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியிருக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், பொருள்களை வீசியெறியும் பழக்கத்தைக் கண்டித்ததை இவ்விடத்தில் நினைவுகொள்வோம். தேவையற்ற யு.பி.எஸ். ஒன்றை வாங்காமல் விடுவதும் படைப்பைப் பேணும் செயலே.

மலர் வெளிவந்தது

விண்ணேற்பு அன்னையின் விழாவன்று நம் நூற்றாண்டு மலர் எப்படியோ வெளிவந்தது. பங்குத்தந்தையரின் பட்டியலைக் கோவில் ஏடுகளிலிருந்து மீண்டும் எழுதினோம். உயிரோடிருந்த முதியோரிடம் திரும்பவும் சென்றோம். சிலர் சலித்துக் கொண்டாலும் சொன்னார்கள். அந்த மூதாட்டியிடம் மட்டும் செல்ல இயலவில்லை. அவருடைய மகள் நினைவிலிருந்து சொன்ன ஐந்து வரிகளை அவர் படத்துக்குக் கீழே அச்சிட்டோம். இரண்டு மாலைப் பொழுதுகள் அவர் சொன்னதில் எஞ்சியது அவ்வளவே. மகள் நம்மைக் கடிந்து கொள்ளவில்லை. அதுதான் நமக்கு இன்னும் வலிக்கிறது.

அதன் பிறகு நம் இல்லத்தில் யு.பி.எஸ்.ஸின் பேட்டரி தவறாமல் மாற்றப்படுகிறது. இரண்டு பென் டிரைவ்களில் படி எடுக்கிறோம். ஒன்று நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மற்றொன்றைப் பங்குத்தந்தை, திருமுழுக்கு ஏடுகள் உள்ள அலமாரியில் வைத்திருக்கிறார்.

அன்புள்ள வாசகர்களே, யு.பி.எஸ். வாங்குவதா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டின் நிலையும் ஊரின் மின்சாரமும் கைப்பணமும் முடிவு செய்யட்டும். படி எடுப்பதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள். ஏற்கனவே யு.பி.எஸ். வைத்திருக்கிறீர்களா? இன்று மாலை செபமாலை முடிந்ததும், கோப்புகளைச் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.